சப்பரத்துக்கு முன்னால் எறிந்த பருத்தி

இது நடந்து மூன்று ஆடி போய்விட்டது. ஆடித்தவசு அன்று சாயங்காலம், சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஒரு பாத்திரக்கடைப் படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு பக்கம் என் அண்ணன். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி, என் மதினி. அண்ணனின் இடது கையில் சிவப்புத் துணியில் கட்டிய பருத்தி முடிச்சு ஒன்று இருந்தது. அது எங்கே போய் விழுகிறதோ, அதை வைத்துத்தான் எங்கள் காட்டில் அந்த வருஷம் விதைப்பு உண்டா இல்லையா என்பது தெரியும். நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். ஒரு குடும்பத்தின் விவசாயத்தை ஒரே எறியில் கொண்டுபோய் வைக்கிற கூத்தை வேறு யார் வீட்டில் பார்த்திருந்தாலும் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தவசன்று கோமதியம்மா சப்பரத்தில் வீதிக்கு வரும்போது, சுற்று வட்டாரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து சப்பரத்தின்மேல் எறிவார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், கம்பு, எலுமிச்சை என்று அவரவர் மண் கொடுத்தது எதுவானாலும் சரி. சூறை விடுவது என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் பருத்தியோடு நாலு வத்தலும் ஒரு கைப்பிடி கம்பும் சேர்த்துத் துணியில் இறுக்கிக் கட்டுவோம். வெறும் பருத்தி ஆடிக்காற்றில் எறிந்தவன் முகத்துக்கே திரும்பி வரும். கம்பு கனம் கொடுக்கும். கடையில் வாங்கிய பொருளாக இருக்கக் கூடாது, விதைத்தவன் கையாலேயே எறிய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

குருவிகுளம் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு. அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் காட்டோடு நின்றுவிட்டான், நான் படித்து, வேலை கிடைத்து, சங்கரன்கோவிலிலேயே குடியிருக்கிறேன். அந்த வருஷம் மாசி மாதம் பருத்தி வெடித்துக் கிடக்கும் நேரத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினான். கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. பேச்சு திரும்பியது, கூடவே கோபமும் திரும்பியது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது.

ஊருக்கு வந்தவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பருத்தியை மதினிதான் ஆள் வைத்து எடுத்து முடித்தாள். காட்டுப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்து வரச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கிடப்பான். ஆனி மாதம் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். அவர் கெட்டவரில்லை, பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்து வந்தார். அவரிடம்தான் அண்ணன் அந்தப் பேச்சைச் சொல்லிவிட்டான்.

"தவசு வரட்டும் அண்ணாச்சி. எடது கையால சூறை விடுதேன். சப்பரத்துல விழுந்துட்டுன்னா நானே வெதைக்கேன். விழல்லைன்னா காடு ஒம்மதுதான். கோமதியம்மா சொல்லட்டும்."

வந்தவர் சரியென்று போய்விட்டார். மதினி எனக்கு போன் போட்டாள். அவள் அழுது நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"டீச்சரம்மா, அது விழாது. எடது கையால சோத்தையே இன்னும் ஒழுங்கா அள்ளத் தெரியல இந்த மனுசனுக்கு. காட்டைக் குடுத்துட்டாருன்னா பொறவு கட்டில்ல இருந்து எந்திரிக்கவே மாட்டாரு. நீங்க வந்து ஏதாவது சொல்லுங்க."

என் அண்ணனிடம் யாரும் ஏதாவது சொல்லி ஒரு பேச்சை மாற்றியதாக எங்கள் குடும்பத்தில் சரித்திரம் இல்லை. அதனால் பேச்சை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். முடிச்சை விழ வைப்பது அதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

அந்த வாரம்தான் வகுப்பில் துணையலகுச் சமன்பாடுகளைத் தொடங்கியிருந்தேன். கணக்கில் விருப்பம் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், இரண்டு வரிதான். ஒரு வளைவை எழுத x, y என்று இரண்டு எழுத்து போதும். அதற்குப் பின்னால் t என்று மூன்றாவது எழுத்து ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, x என்பது t-யால் எப்படி மாறுகிறது, y என்பது t-யால் எப்படி மாறுகிறது என்று தனித்தனியாக எழுதுவதுதான் துணையலகு முறை. முதல் பெஞ்சில் இருக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டாள். "ஒரே சமன்பாடா நல்லாத்தான டீச்சர் இருக்கு, அதை என்னத்துக்கு ரெண்டா ஒடைச்சு, இன்னொரு எழுத்தையும் சேர்க்கணும்?" பாடப்புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொன்னேன். வட்டத்தில் ஒரு x-க்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று இரண்டு y வரும், ஒரே சார்பாக எழுத முடியாது, t-யை வைத்தால் வட்டம் முழுவதையும் தடங்கலில்லாமல் சுற்றி வரலாம் என்றேன். சரி டீச்சர் என்று உட்கார்ந்தாள். திருப்தி இல்லாத 'சரி' எப்படி இருக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் களத்துமேட்டில் பயிற்சி. மதினி ஒரு மூங்கில் கம்பின் நுனியில் ஓலைப்பெட்டியைக் கட்டி, அந்தக் கம்பை எக்செல் மொபெட் வண்டியின் பின்னால் நிறுத்திக் கட்டினாள். அதுதான் எங்கள் சப்பரம். வண்டியை ஓட்டுவதும் மதினிதான். அண்ணன் முதலில் மாட்டேன் என்றான். கோமதியம்மா சொல்வதற்கு முன்னால் நாம் பழகிப் பார்ப்பது கள்ளத்தனம் என்றான். பரீட்சைக்குப் படிக்காமல் போவதுதான் பக்தியா என்று கேட்டேன். முறைத்துவிட்டு எழுந்து வந்தான்.

நிற்கிற வண்டியில் எறிந்தான். முதலில் முடிச்சு களத்துமேட்டின் எல்லாத் திசைக்கும் போயிற்று. ஒன்று கோழியின் மேல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் பெட்டியில் விழ ஆரம்பித்துவிட்டது. மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் காலையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் பெட்டிக்குப் பின்னால்தான் விழுந்தது. நேற்றைய சந்தோஷம் முழுவதும் போய், அண்ணன் சத்தம் போட ஆரம்பித்தான்.

"ஏட்டி, இவ வேணும்னே வெரட்டுதா. சப்பரம் இப்படியா பறக்கும்?"

"நடக்கிறவன விட மெதுவாத்தான் போறேன். நீங்க எறியிற லட்சணத்துக்கு என்னைச் சொல்லுதீங்களாக்கும்" என்று மதினி வண்டியிலிருந்தே பதில் கொடுத்தாள்.

சண்டையை விலக்கிவிட்டு, போனில் வீடியோ எடுத்தேன். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, களத்துமேட்டு மண்ணில் குச்சியால் வரைந்தேன். முடிச்சு போன வழி ஒரு வில்போல மேலே ஏறி இறங்கியது. பெட்டி போன வழி ஒரு நேர்கோடு. வில் இறங்கி வந்து அந்த நேர்கோட்டை ஒரு இடத்தில் வெட்டியது. அண்ணன் பத்தாவது வரை படித்தவன், படம் புரியும். குனிந்து பார்த்தான்.

"ரெண்டும் வெட்டுதுல்லா. பொறவு ஏன் விழல?"

நான் கேட்க வைத்திருந்த கேள்வியை அவனே கேட்டுவிட்டான். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி.

"குருவிகுளம் பஸ்ஸும் நீயும் ஒரே ஸ்டாப்புக்குத்தான அண்ணே வருவீங்க? ரெண்டு பேரு வழியும் அங்கன வெட்டத்தான செய்யுது? பொறவு ஏன் பாதி நாள் பஸ்ஸை விட்டுட்டு நிப்ப?"

"நான் போறதுக்குள்ள அவன் எடுத்துட்டுப் போயிருவான்" என்றான்.

அதைத்தான் மண்ணில் எழுதினேன். வில்லின்மேல் ஒண்ணு என்று நான் எண்ணும்போது முடிச்சு எங்கே இருந்தது, ரெண்டு எண்ணும்போது எங்கே இருந்தது என்று கூழாங்கல் வைத்தேன். நேர்கோட்டிலும் அதேபோல ஒண்ணில் பெட்டி எங்கே, ரெண்டில் எங்கே என்று வைத்தேன். கோடுகள் வெட்டுவது முக்கியமில்லை, ஒரே எண்ணின் கற்கள் ஒரே இடத்தில் வர வேண்டும் என்றேன். நேற்று பெட்டி நின்றது, அதனால் எப்போது என்ற கேள்வியே எழவில்லை. ஓட ஆரம்பித்தவுடன் எங்கே என்பது மட்டும் போதாமல் போய்விட்டது. முடிச்சு இறங்கி வர ரெண்டு எண்ணும் நேரம் ஆகிறது. அந்த ரெண்டுக்குள் பெட்டி எங்கே போயிருக்குமோ அங்கே எறிய வேண்டும்.

அண்ணனுக்கு அது சட்டென்று பிடிக்கவில்லை.

"அப்பம் சப்பரம் இல்லாத எடத்துல எறியச் சொல்லுத."

"இல்லாத எடந்தான். நீ எறியும்போது இருக்காது, முடிச்சு போகும்போது வந்துரும்."

"வரல்லைன்னா?"

வரும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே போடுகிறோம் என்றேன்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் இருப்பது அன்றைக்குத் தெரிந்தது. மத்தியானம் மேல்காற்று எழும்பிவிட்டது. ஆடி மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம், காற்றாலைகளெல்லாம் கை வலிக்கச் சுற்றும். முடிச்சு தள்ளித் தள்ளி விழுந்தது. மறுபடியும் முதலிலிருந்தா என்று அண்ணன் நான் வரைந்த குச்சியைத் தூக்கிப் போட்டான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். முடிச்சு மேலே ஏறி இறங்குவது ஒரு வரி. வீதி நீளத்துக்குப் போவது இன்னொரு வரி. இரண்டையும் ஒரே எண்ணிக்கை நடத்துகிறது, ஆனால் ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. வீதி நீளத்துக்கு அடிக்கிற காற்று அந்த ஒரு வரியைத்தான் மாற்றும். இறங்கி வருகிற நேரம் அனேகமாக அதே ரெண்டுதான். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, குறி வைக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். தள்ளி வைத்தான். பெட்டியில் ஒன்று விழுந்தது. மதினி ஹாரனை அழுத்திக்கொண்டே களத்துமேட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

திங்கள்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, பஸ் கதையைச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள், அவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்பம் t-ங்கிறது டைமா டீச்சர்?" என்று கேட்டாள். இங்கே நேரம், வட்டத்தில் கோணம், வேறு இடத்தில் வேறு ஒன்று, படத்தில் தெரியாமல் பின்னால் நின்றுகொண்டு இரண்டு பேரையும் நடத்துகிற ஆள் யாரோ அவர்தான் t என்றேன். இந்த முறை அவள் சொன்ன 'சரி' முழுசாக இருந்தது.

தவசுக்கு முந்தின நாள் வரைக்கும் தினமும் பயிற்சி நடந்ததாக மதினி சொன்னாள். ஊரில் இரண்டு மூன்று பேர் களத்துமேட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாதக்கணக்காக ஒருத்தர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், அவர்களிடம் "ஒண்ணு, ரெண்டு எண்ணிப் பாருங்க வே" என்று சவால் விடுகிற அளவுக்கு வந்துவிட்டான். மதினிக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி போனில் பேசும்போது குரல் தாழ்த்தி, "பெட்டியில பத்துக்கு ஆறு ஏழுதான் விழுது. அங்கன ஒண்ணுதான எறிவாரு?" என்றாள். அதுவும் எனக்குத் தெரியும். ஆறு ஏழு நல்ல கணக்குத்தான் என்று சமாதானம் சொல்லி வைத்தேன்.

தவசன்று ரத வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாத்திரக்கடைக்காரர் அண்ணன் நிலையைப் பார்த்துவிட்டு, படியில் ஏறி நிற்க இடம் கொடுத்தார். தெரிந்த முகங்கள் வந்து, "என்ன அண்ணாச்சி, சொகமா?" என்று கேட்டுப் போனார்கள். அண்ணன் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னான். வலது கையை வேட்டி மடிப்புக்குள் சொருகி மறைத்திருந்தான். குத்தகைக்குக் கேட்டவரும் எதிர்வரிசையில் நின்றார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் அன்றைக்கு நிலத்தை நினைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அவரைப் பார்த்ததும் மதினி முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி.

மேளச் சத்தம் கிட்டே வந்தது. சப்பரம் தெரிந்ததும் வீதி முழுக்க ஒரு கூச்சல். இரண்டு பக்கமும் கைகள் எழும்பின. பருத்தியும் வத்தலும் பூவும் எலுமிச்சையும் தலைக்குமேல் பறக்க ஆரம்பித்தன. சப்பரம் எங்களுக்கு நேராக வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. களத்துமேட்டில் பழகியதுபோல, சப்பரத்துக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாமி நம்பிக்கை எனக்கு அரைகுறைதான், இருந்தாலும் தாயே, இவன் ஒருத்தனுக்காக என்று மனசுக்குள் சொன்னேன்.

எறிந்தான். நல்ல எறி. முடிச்சு சிவப்பாகச் சுழன்று மேலே ஏறியது. நான் பழக்கத்தில் "ஒண்ணு" என்று வாய்விட்டு எண்ணினேன். அந்த நேரம் பார்த்து, சப்பரத்துக்கு முன்னால் கூட்டம் நெருக்கி, மேளக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சப்பரமும் தயங்கியது. நின்றதா, மெதுவானதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்தது, அது வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை என்பதை மட்டும்தான். வரல்லைன்னா என்று அண்ணன் களத்துமேட்டில் கேட்டது ஞாபகம் வந்தது.

அதற்குள் மதினி கத்திவிட்டாள்.

"விழுந்துட்டு! விழுந்துட்டுங்க! உள்ள விழுந்துட்டு!"

அண்ணனின் இடது கையைப் பிடித்து உலுக்கினாள். அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பொம்பளையைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்று எதுவும் தெரியாது. ஆனாலும் "ஆமா தாயி, விழுந்துட்டு" என்றாள். சுற்றி நின்ற நாலு பேர் அதையே சொன்னார்கள். எதிர்வரிசையில் குத்தகைக்குக் கேட்டவர்கூட கையைத் தூக்கி ஆட்டினார். அண்ணன் முகம் கோணி, சின்னப் பிள்ளைபோல அழ ஆரம்பித்தான். இடது கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். ஒரு கையால் கும்பிடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் மட்டும் அவர்களோடு சேர்ந்து கத்தவில்லை. ஏனென்றால் மதினி கத்தும்போது நான் இன்னும் ரெண்டு என்று எண்ணவில்லை. அவள் 'விழுந்துட்டு' என்று சொன்ன நேரத்தில் முடிச்சு எங்கேயும் விழுந்திருக்க முடியாது. அது மேலேதான் இருந்தது. அவளுடைய சத்தத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன், திரும்பிப் பார்க்கும்போது நூறு முடிச்சுகளும் வத்தலுமாக வீதி கலங்கிக் கிடந்தது. சப்பரம் அசைந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன்மேல் வெள்ளையும் சிவப்புமாக என்னென்னவோ கிடந்தன. எங்கள் துணி அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவர்களோடு நானும் ஊருக்குப் போனேன், பஸ்ஸில் மதினி எனக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். நான் கணக்கு டீச்சர் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மடியில் இருந்த பொரியை அள்ளி, "சாப்பிடுங்க டீச்சரம்மா" என்று நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் விதைத்தான். புரட்டாசியில் உழவுக்கு டிராக்டர் பேசியது அவன்தான், விதைக்கு அலைந்தது அவன்தான். மழை தாமதித்தபோது வானத்தை ஏசியதும் அவன்தான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலது கை வரவே இல்லை. காட்டுக்குப் போய்வர முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. ஆனால் கட்டில் பகல் முழுவதும் காலியாகக் கிடந்தது.

மாசியில் பருத்தி எடுப்பு நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மதினி ஆட்களோடு தூரத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அண்ணனும் வரப்பு வேப்பமரத்தடியில் இருந்தோம். எதையோ பேசிக்கொண்டிருந்தவன், நடுவில் திடீரென்று கேட்டான்.

"ஏட்டி, தவசன்னைக்கு நீ ரெண்டு எண்ணுனியா?"

பருத்திக் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான் எண்ணுனேன்" என்றான். "நீதான பழக்கிவிட்ட. ஒண்ணு எண்ணி முடிக்கல, அதுக்குள்ள இவ கத்திட்டா. முடிச்சு அந்தரத்துலல்லா நிக்கி."

"எங்கன விழுந்துச்சுன்னு பாத்தியா?"

"பாக்கல. பாக்கக் கூடாதுன்னு கண்ண மூடிட்டேன்."

கும்பிடுகிறான் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டேதானா விதைத்தாய், அவ்வளவு பேசினாயே, கோமதியம்மா சொல்லட்டும் என்றாயே என்று கேட்டேன். அவன் தூரத்தில் குனிந்து நிமிர்கிற மதினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சொல்லட்டும்னுதான் இருந்தேன். அம்மா சொல்லுததுக்கு முந்தி இவ சொல்லிட்டாள்லா. முடிச்சு விழுத வரைக்கும்கூட பொறுக்க முடியல அவளுக்கு. அம்புட்டு ஆசையா ஒருத்தி நான் வெதைக்கணும்னு நிக்கும்போது, பொறவு நான் வேற யாருட்ட போயி என்னத்தக் கேக்க?"

மதினி மடி நிறையப் பருத்தியோடு வந்தாள். அண்ணனும் தங்கையும் என்ன ரகசியம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். ஒண்ணுமில்லை, கணக்கு என்றான் அண்ணன். எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மடியை அவன் முன்னால் கொட்டினாள். அதிலிருந்து வெள்ளையாக நாலு சுளையை அவன் இடது கையால் பொறுக்கித் தனியாக எடுத்து வைத்தான், அடுத்த தவசுக்கு.

இப்போதும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது பஸ் கதையைச் சொல்லி, கரும்பலகையில் t என்று எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம், ரெண்டு எண்ணும் முன்னே கத்திய மதினியின் குரல் கேட்கிறது, அந்த முடிச்சு எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையே வருவதில்லை.